மேட்டு நிலத்தின் கடமை

வான்மழை உயர்ந்தோர், தாழ்ந்தோர் என்னும் வேற்றுமை அறியாதது. மலைமுகட்டிலும் பெய்யும், மடுவிலும் பெய்யும், உழுத வயலிலும் பெய்யும், உவர் நிலத்திலும் பெய்யும். ஆனால், பெய்த இடத்தில் எல்லாம் அது தங்குவதில்லை. தடுப்பார் இல்லாத மேட்டிலிருந்து விரைந்தோடிப் பள்ளத்தை அடைகின்றது. பள்ளத்திலும் தாங்குவார் இல்லையேல் கடலைச் சேர்கின்றது. கடவுள் வாழ்த்தை அடுத்து வான்சிறப்பை வைத்தார் திருவள்ளுவர். மழையின் பெருமை அவ்வளவு உயர்ந்தது. எனினும், மழையைப் போற்றுவது ஒன்று; அதனைப் பேணுவது மற்றொன்று. வேண்டும்போது மழையைப் பெய்விக்க மனிதனால் இயலாது. பெய்ததை நிறுத்திப் பயன்கொள்வது அவன் கையில் உள்ளது.

இவ்வுண்மையைத் தெளிவாக உணர்த்தும் நிலப்பகுதிகளுள் ஒன்று, விழுப்புரத்திற்கும் திண்டிவனத்திற்கும் இடையே பரந்து, கிழக்கே கடலைத் தொடும் நாடு. திண்டிவனம் என்னும் பெயர் புளியங்காடு எனப் பொருள்படும் திந்திரிணிவனம் என்பதன் திரிபு என்பர். காட்டின் பெயரைத் தாங்கிய அவ்வூரைச் சுற்றிலும் கோடைக்காலத்தில் செம்மண் வெடித்துக் கிடக்கும். பாறைக் குன்றுகள் அனலை உமிழும். ஏரிகளின் வயிற்றில் ஆடுமாடுகள் மேயும். இதனைக் காணும் புதியவர், இந்நாட்டில் மழையே இல்லை என்று எண்ணக்கூடும். அது பிழை. ஆண்டொன்றுக்கு ஏறத்தாழ 1,000 மில்லிமீட்டர் மழை இங்குப் பெய்கின்றது. குறை மழையின் அளவில் இல்லை. மழை வரும் முறையில் இருக்கின்றது. ஆண்டு மழையின் பெரும்பகுதி ஐப்பசி, கார்த்திகை மாதங்களை ஒட்டிய சில வாரங்களில், அவற்றுள்ளும் சில நாட்களில், கொட்டித் தீர்ந்துவிடுகின்றது.

2024ஆம் ஆண்டு நவம்பர் 30ஆம் நாள் ஃபெஞ்சல் என்னும் புயல் புதுச்சேரியின் அருகே கரையைக் கடந்தது. அப்போது திண்டிவனத்தை அடுத்த மயிலத்தில் ஒரே நாளில் ஏறத்தாழ 50 சென்டிமீட்டர் மழை பெய்தது. ஓராண்டு மழையில் பாதி ஒரு பகலிலும் ஓர் இரவிலும் இறங்கியது எனலாம். தென்பெண்ணை கரைபுரண்டது. ஊர்கள் பல நீரில் மூழ்கின. குடிநீருக்குக் குடம் ஏந்தி நின்ற தெருக்களிலேயே மக்கள் வெள்ளத்தில் சிக்கித் தவித்தனர். வறட்சியும் வெள்ளமும் ஒன்றுக்கொன்று பகை என்பது பொதுவான எண்ணம். ஆராய்ந்து பார்ப்பின், அவை இரண்டும் ஒரு தாய் வயிற்றுப் பிள்ளைகளே. நீரை நிறுத்தாத நிலம் கார்த்திகையில் வெள்ளத்தைக் காண்கின்றது. சித்திரையில் வறட்சியைக் காண்கின்றது.

முன்னோர் இதனை நன்கு அறிந்திருந்தனர். அவர்கள் கண்ட விடையே ஏரி. நிலத்தின் சரிவைக் கண்டறிந்து, பிறைமதி போல் வளைந்த மண்கரை எழுப்பி, மதகு வைத்து, கலிங்கு கட்டி, வரத்துக்கால் வெட்டினர். ஓர் ஏரி நிறைந்ததும் அதன் உபரிநீர் கலிங்கின் வழியே இறங்கி அடுத்த ஏரியை அடையும். அது நிறைந்ததும் அதற்கும் கீழுள்ள ஏரியை அடையும். இவ்வாறு சங்கிலி போல் தொடர்ந்த ஏரிகளில் நீரோடு நீதியும் ஓடியது. மேலூரார் தம் தேவைக்கு மிஞ்சியதைத் தடுத்து வைத்தல் குற்றம். கீழூரார் கலிங்கை உடைத்தல் குற்றம். ஆண்டுதோறும் ஊரார் கூடிக் கரையைச் செப்பனிடுதலும் தூர் எடுத்தலும் குடிமராமத்து எனப்பட்டன. அவ்வழக்கம் இடையே தேய்ந்து, 2017ஆம் ஆண்டில் அரசின் திட்டமாக மீண்டும் உயிர்பெற்றது.

ஏரி கட்ட இயலாத இடத்திலும் நீரை நிறுத்தும் வழியை அக்காலத்தவர் கண்டனர். திண்டிவனத்திற்கு மேற்கே உள்ள செஞ்சிக் கோட்டை அதற்குச் சான்று. மூன்று குன்றுகளை இணைத்து எழுந்த அக்கோட்டையில் சக்கரக்குளமும் செட்டிக்குளமும் இன்றும் காணப்படுகின்றன. கல்யாண மகாலுக்குச் சுடுமண் குழாய்களின் வழியே நீர் கொண்டுவரப்பட்டது. பகைவர் மாதக்கணக்கில் முற்றுகையிட்டாலும் கோட்டை தாக்குப்பிடிக்க வேண்டுமாயின், மதிலினும் முதன்மையானது நீர். வாளால் காக்கப்பட்ட கோட்டை என்று செஞ்சியைப் புகழ்வோர், அது குளத்தாலும் காக்கப்பட்டது என்பதை மறத்தல் ஆகாது.

இந்நாட்டின் வடகிழக்கில், மரக்காணத்தை ஒட்டிக் கழுவெளி என்னும் பெரிய நீர்நிலை உள்ளது. சுற்றியுள்ள ஏரிகள் பலவற்றின் உபரிநீர் இறுதியில் வந்து சேரும் இடம் அதுவே. மழைக்காலத்தில் நன்னீரும் கடலின் உவர்நீரும் கலக்கும் அந்நிலைக்குத் தொலைநாட்டுப் பறவைகள் ஆண்டுதோறும் வருகின்றன. 2021ஆம் ஆண்டில் அது பறவைகள் சரணாலயமாக அறிவிக்கப்பட்டது. 2024இல் உலக முதன்மை வாய்ந்த ஈரநிலங்களின் பட்டியலாகிய ராம்சார் பட்டியலிலும் இடம்பெற்றது. மேட்டில் உள்ளோர் நீரை எவ்வாறு நடத்துகின்றனர் என்பதற்குக் கழுவெளியே கணக்குப் புத்தகம். மேட்டு மண் அரிக்கப்பட்டால் அது கழுவெளியின் அடியில் வண்டலாய்ப் படியும். மேட்டில் நீர் நின்று ஊறினால், கீழுள்ள கிணறுகளில் அது தெளிந்த ஊற்றாய் வெளிப்படும்.

இருபதாம் நூற்றாண்டின் பிற்பகுதியில் மின்மோட்டாரும் ஆழ்துளைக் கிணறும் பரவின. அவை உழவர்க்குப் பெருநன்மை செய்தன என்பதில் ஐயமில்லை. கவலை ஏற்றமும் கமலையும் இழுத்துக் களைத்த மாடுகளுக்கும் மனிதர்க்கும் ஓய்வு கிடைத்தது. ஆயினும், விசையை அழுத்தியதும் நீர் வந்தமையால், ஏரியின் நினைவு மக்கள் உள்ளத்திலிருந்து மெல்ல அகன்றது. வரத்துக்கால்கள் தூர்ந்தன. கரைகளில் முட்செடி மண்டியது. நிலத்தினுள் இறங்கும் நீர் குறைய, நிலத்திலிருந்து எடுக்கும் நீர் கூடியது. வரவு குறைந்து செலவு மிகுந்த குடும்பத்தின் நிலைமையே நிலத்திற்கும் நேர்ந்தது. கடலோரத்தில் இதனால் விளையும் தீங்கு இன்னும் கொடியது. நன்னீரின் மட்டம் தாழ்ந்தால், அவ்விடத்தை நிரப்பக் கடல்நீர் நிலத்தடியில் உட்புகும். ஒருமுறை உவர்ந்த கிணறு எளிதில் இனிப்பதில்லை.

இத்தகைய நாட்டில், புதுச்சேரிக்கு வடக்கே வானூர் வட்டத்தில் ஒரு செம்மண் மேடு உள்ளது. அதன் ஒரு பக்கம் கடலை நோக்கிச் சரிகின்றது. மற்றொரு பக்கம் இரும்பை ஏரியையும் கழுவெளியையும் நோக்கித் தாழ்கின்றது. முற்காலத்தில் அம்மேட்டைக் காடு மூடியிருந்தது. கோடையிலும் இலையுதிராது நிற்கும் குட்டையான மரங்கள் செறிந்த அவ்வகைக் காட்டினை அறிஞர் வெப்பமண்டல உலர் பசுமைமாறாக் காடு என்பர். விறகுக்கும் வீட்டிற்கும் உழவிற்குமாகக் காடு வெட்டப்பட்டது. மரம் போனபின் மண் போயிற்று. மழைநீர் செந்நிற ஆறாக ஓடி, ஆள் உயரத்திற்கும் மேலான ஓடைகளை அறுத்துக்கொண்டு கடலில் கலந்தது. இருபதாம் நூற்றாண்டின் நடுவில் அம்மேடு பெரும்பாலும் வெறுந்தரையாகக் கிடந்தது.

அந்நிலம் வறண்டதற்கு அவ்வூர் மக்கள் ஒரு கதை வழங்குகின்றனர். இரும்பைச் சிவன்கோயிலின் அருகே கடுவெளிச் சித்தர் என்பவர் தவம் செய்தார். கோயில் விழாவில் ஆடிய நடனமாதின் காற்சிலம்பு கழன்று விழ, ஆட்டம் தடைப்படலாகாதே என்று சித்தர் அதனை எடுத்து அவள் காலில் பூட்டினார். கூடியிருந்தோர் நகைத்தனர். சினமுற்ற சித்தரின் சொல்லால் இலிங்கம் மூன்றாகப் பிளந்தது, நிலம் பாழாயிற்று. அரசன் அடிபணிந்து வேண்ட, பிற்காலத்தில் தொலைநாட்டினர் வந்து இம்மண்ணைப் பசுமையாக்குவர் என்று சித்தர் மொழிந்தார் என்பது கதை. கதையை வரலாறாகக் கொள்ள வேண்டுவதில்லை. ஆயினும், ஒரு நிலம் பாழாவதற்கு மனிதரின் நடத்தையே காரணம் என்னும் கருத்து அதனுள் பொதிந்துள்ளது.

1968ஆம் ஆண்டு பிப்ரவரி 28ஆம் நாள் அம்மேட்டில், ஓர் ஆலமரத்தின் அருகே, ஆரோவில் என்னும் நகருக்குக் கால்கோள் விழா நடைபெற்றது. புதுச்சேரி அரவிந்தர் ஆசிரமத்தின் ஸ்ரீ அன்னை கருதியவாறு, 124 நாடுகளின் மண் ஒரு தாழியில் இடப்பட்டது. அந்நகரின் சாசனம் அதனை முடிவில்லாக் கல்விக்கு உரிய இடமாகக் குறிக்கின்றது. அங்குக் குடியேறியவர்களுக்கு அம்மண்ணே முதல் ஆசிரியர் ஆயிற்று. நிழல் இல்லை, நீர் இல்லை, காற்றில் செம்புழுதி. நகரம் எழ வேண்டுமாயின் முதலில் மண் நிற்க வேண்டும்; மண் நிற்க வேண்டுமாயின் நீர் நிற்க வேண்டும். இப்பாடத்தைக் கற்றவர்கள், சுற்றியுள்ள குயிலாப்பாளையம், இடையஞ்சாவடி முதலிய ஊர்களின் மக்களோடு சேர்ந்து மண்வெட்டியை எடுத்தனர்.

அவர்கள் செய்த பணி எளிமையானது. நிலத்தின் சமமட்டத்தை ஒட்டி வரப்புகள் அமைத்தனர். ஓடைகளின் குறுக்கே கல்லாலும் மண்ணாலும் சிறுசிறு தடுப்புகள் கட்டினர். தாழ்ந்த இடங்களில் நீர் தேங்கி ஊறும் குட்டைகளை வெட்டினர். இவற்றின் செயல் இத்தகையது: சரிவில் ஓடும் நீர் வேகம் மிக மிக மண்ணை அரிக்கும் ஆற்றலும் மிகப் பெறுகின்றது. குறுக்கே ஒரு வரப்பு நின்றால் வேகம் அடங்குகின்றது. வேகம் அடங்கிய நீர் தான் சுமந்த மண்ணைக் கீழே வைக்கின்றது. பின்பு தானும் மண்ணுக்குள் இறங்குகின்றது. பெரிய அணை ஒன்று செய்ய இயலாததை, மேட்டிலிருந்து பள்ளம் வரை அடுத்தடுத்து நிற்கும் நூறு வரப்புகள் செய்கின்றன. பெரிய அணை ஆற்றுநீரைத் தேக்கும். சிறிய வரப்போ நீர் ஆறாவதற்கு முன்னரே அதனை நிறுத்தும்.

வரப்பினை அடுத்து மரம் நடப்பட்டது. வெறும் வெயிலில் காட்டு மரங்களின் இளங்கன்றுகள் பிழைப்பது அரிது. ஆதலின், ஆசுத்திரேலியாவிலிருந்து வந்த ஒருவகை வேலமரத்தைப் பலரும் முதலில் வளர்த்தனர். வறண்ட மண்ணிலும் விரைந்து வளரும் அது, செவிலித்தாய் போல் நிழல் தந்தது. இலையுதிர்த்து மண்ணை மூடியது. அதன் நிழலில் இம்மண்ணுக்கே உரிய கருங்காலி, உலக்கைப்பாலை, வீரை முதலியன வேரூன்றின. இலைச்சருகு மழைத்துளியின் அடியைத் தாங்கியது. வேர்கள் இறுகிய மண்ணில் வழி திறந்தன. கறையானும் மண்புழுவும் அவ்வழிகளைப் பெருக்கின. வரப்பு நிறுத்திய நீரை மரம் நிலத்தின் உள்ளே அழைத்துச் சென்றது. பல இலட்சம் மரங்கள் இவ்வாறு நடப்பட்டன. அரை நூற்றாண்டிற்குள் பாழ்மேடு மீண்டும் காடாயிற்று; பறவைகளும் சிறு விலங்குகளும் திரும்பின.

இவ்வளவும் செய்தமையால் அங்கு நீர்க்கவலை அறவே ஒழிந்துவிட்டது என்று கருதுதல் கூடாது. நகரம் வளர்ந்தது, சுற்றியுள்ள ஊர்களும் வளர்ந்தன, தேவை பெருகியது. நிலத்தடி நீருக்கு வேலி இல்லை. ஒருவர் சேமித்ததை அடுத்தவர் ஆழ்துளைக் கிணற்றால் இறைக்க இயலும். அடுத்தவர் சேமித்ததை இவரும் இறைக்க இயலும். ஆகவே, அங்கு வீட்டுக் கழிவுநீரையும் தாவரங்களாலும் மணற்படுகைகளாலும் தூய்மை செய்து தோட்டத்திற்குப் பாய்ச்சும் வழக்கம் ஏற்பட்டது. ஒருமுறை இறைத்த நீர் இருமுறை உழைக்கின்றது. நீரைப் பேணுதல் ஒருநாள் விழாவன்று. அது நாள்தோறும் செய்யத்தக்க இல்லறம் என்பதையே அம்மேட்டின் அனுபவம் காட்டுகின்றது.

இந்த அனுபவம் ஒரு நகருக்கு மட்டும் உரியதன்று. கல்விக் கூடங்களுக்கே அது முதலில் உரியது. கல்லூரியும் பல்கலைக்கழக வளாகமும் வளமான நன்செயில் எழுவது குறைவு. ஊருக்கு வெளியே, விலை குறைந்த மேட்டுப் புன்செயிலேயே பெரும்பாலும் அவை எழுகின்றன. விழுப்புரத்திலும் திண்டிவனத்திலும் அரசு கலைக் கல்லூரிகளும், அண்ணா பல்கலைக்கழகத்தின் உறுப்புப் பொறியியல் கல்லூரிகளும் உள்ளன. ஆயிரக்கணக்கான மாணவர் நாள்தோறும் கூடும் இத்தகைய வளாகம் எதுவாயினும், நீரைப் பொறுத்தவரை அதற்கு இரண்டு வழிகள் உண்டு. ஆழ்துளைக் கிணறுகளை மேன்மேலும் ஆழமாக்கி, கீழுள்ள சிற்றூரின் கிணற்றை வற்றச் செய்வது ஒன்று. தன்மேல் பெய்த மழையைத் தன்னிடத்தே நிறுத்தி, அக்கிணற்றை ஊறச் செய்வது மற்றொன்று.

இரண்டாம் வழி இயலக்கூடியதே என்பதைக் கணக்குக் காட்டும். ஒரு சதுர மீட்டர் பரப்பில் ஒரு மில்லிமீட்டர் மழை பெய்தால் கிடைப்பது ஒரு லிட்டர் நீர். ஓர் ஏக்கர் என்பது ஏறத்தாழ 4,047 சதுர மீட்டர். ஆண்டில் 1,000 மில்லிமீட்டர் மழை பெறும் ஓர் ஏக்கரில் 40 இலட்சம் லிட்டர் நீர் விழுகின்றது. 100 ஏக்கர் வளாகம் எனின், 40 கோடி லிட்டர். பகலில் வந்து செல்லும் மாணவர் ஒருவருக்கு நாளொன்றுக்கு 45 லிட்டர் நீர் வேண்டும் என்பது இந்தியக் கட்டட விதித்தொகுப்பின் அளவு. 2,000 மாணவர் ஆண்டின் எல்லா நாளும் வந்தாலும், அவர்களுக்குத் தேவைப்படுவது 3 கோடியே 28 இலட்சம் லிட்டர். விழுந்த மழையில் பத்தில் ஒரு பங்கை நிறுத்தினாலே 4 கோடி லிட்டர் ஆகும். எஞ்சிய ஒன்பது பங்கில் நிலத்துள் ஊறுவதெல்லாம் ஊருக்கும் உழவுக்கும் உயிர்க்கும் உரியது.

இதற்கு வேண்டுவன அரிய பொருள்கள் அல்ல. தமிழ்நாட்டில் கட்டடங்கள் யாவற்றிலும் மழைநீர் சேகரிப்பு அமைப்பு வேண்டும் என்று 2003ஆம் ஆண்டிலேயே சட்டம் செய்யப்பட்டது. கூரையில் விழும் நீரைக் குழாய் வழியே கொணர்ந்து, மணலும் கூழாங்கல்லும் நிரப்பிய குழியில் வடித்து, தொட்டியிலோ கிணற்றிலோ சேர்த்தல் அதன் முறை. அமைப்பினைக் கட்டியதோடு கடமை முடிவதில்லை. ஆடி ஆவணியில் கூரையைப் பெருக்கிக் குழாயின் சருகை நீக்காவிடில், ஐப்பசியின் நீர் வாயிற்படியில் வழிந்து வீணாகும். குழாய்களையும் கவனித்தல் வேண்டும். நொடிக்கு ஒரு துளி வீதம் சொட்டும் குழாயில், இருபது துளிகளை ஒரு மில்லிலிட்டராகக் கொண்டால், நாளொன்றுக்கு 4 லிட்டருக்கு மேல் வீணாகின்றது. அத்தகைய குழாய்கள் நூறு இருப்பின், ஏறத்தாழப் பத்து மாணவரின் ஒருநாள் நீர் கேட்பாரின்றிப் போகின்றது.

சேமிப்பதோடு, குறைவாகக் கேட்பதும் ஓர் அறம். இதனைத் திண்டிவனத்திலுள்ள எண்ணெய்வித்து ஆராய்ச்சி நிலையத்தின் பணியில் காணலாம். தமிழ்நாடு வேளாண்மைப் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த அந்நிலையத்தின் பெயரைத் தாங்கிய டி.எம்.வி. நிலக்கடலை வகைகள் பலநாள் உழவர் அறிந்தவை. ஏற்றத்தையும் கால்வாயையும் நம்பாமல், வானத்தையே நம்பிப் பயிரிடும் மானாவாரி நிலத்திற்கு நிலக்கடலை ஏற்ற பயிர். கோடை உழவினால் மண்ணைத் திறந்து வைத்து, முதல் மழையை உள்வாங்கி, ஏறத்தாழ நூறு நாட்களில் விளைச்சல் காணும் வகைகள் உள்ளன. நீருக்கேற்ற பயிரைத் தேடுவது அறிவியல். நிலத்தின் தன்மைக்கு ஏற்பத் தோட்டம் அமைப்பதும் அவ்வாறே. வெயில் காயும் வளாகத்தில் நாள்தோறும் நீர் கேட்கும் புல்வெளியைப் பரப்புவதினும், வேம்பும் புங்கும் நாவலும் வளர்ப்பது அறிவுடைமை.

நிலத்தில் மேடும் பள்ளமும் இருப்பது போல் மக்கள் வாழ்விலும் மேடு பள்ளங்கள் உண்டு. கல்வியும் செல்வமும் பதவியும் சிலரை மேட்டில் நிறுத்துகின்றன. மேட்டு நிலம் தன்மேல் பெய்ததைப் புறக்கணித்தால், அது தானும் வறண்டு, கீழுள்ளோரையும் வெள்ளத்தால் அழிக்கின்றது. பெய்ததை ஏற்று, தாங்கி, மெல்ல மெல்லக் கீழே விட்டால், தானும் பசுமையுற்றுக் கீழுள்ள ஊர்களையும் வாழ்விக்கின்றது. மேட்டில் நின்ற நீர் பள்ளத்தின் கிணற்றில் ஊறும்போது, அது யார் கட்டிய வரப்பில் நின்ற நீர் என்று குடிப்பவர் கேட்பதில்லை. வரப்புக் கட்டியவரும் அதனைச் சொல்லிக்கொள்வதில்லை.

பெரிய அணைகளைக் கட்டுவது அரசின் பணி. கூரையைத் தூய்மை செய்தல், சொட்டும் குழாயை முடுக்குதல், விளையாட்டுத் திடலின் ஓரத்தில் ஒரு வரப்புக் கட்டுதல், அவ்வரப்பின்மேல் ஒரு கன்று நட்டுக் காத்தல் ஆகியன மாணவர் கைக்கு எட்டும் பணிகள். ஐப்பசியின் முதல் இடி முழங்குமுன் அவை செய்யப்பட்டிருத்தல் வேண்டும். மழை எவர்க்காகவும் காத்திராது. மழைக்காகக் காத்திருப்போர் ஆயத்தமாய் இருத்தலே முறை.